ட்வின் சன்ஸ்: மூன்று வீச்சில் முடிந்த சண்டை பற்றி ஒரு விரிவான பதில்

தம்பி கேட்டது இதுதான். பாண்டிருப்பில் ஒரு நண்பர் வீட்டில் கூடியிருந்து ‘ஸ்டார் வார்ஸ் ரெபல்ஸ்’ அனிமேஷன் தொடரின் மூன்றாம் பருவத்தைப் பார்த்திருக்கிறார்கள். ‘ட்வின் சன்ஸ்’ என்ற எபிசோட் முடிந்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஸித் என்ற கொடிய கூட்டத்தில் வளர்ந்த வில்லன் மோலும் அவனுடைய பழைய எதிரி ஓபி-வானும் மோதுவதற்கு இத்தனை வருடம் காக்கவைத்துவிட்டு இரண்டு நொடியில் முடித்து ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரு பக்கம். முழுத் தொடரிலும் இதற்கு மேல் ஒரு எபிசோட் இல்லை என்று மறுபக்கம். வெளிநாட்டு ரசிகர்களும் இப்படித்தான் அடிபட்டுக்கொள்கிறார்கள், இதில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாசிப்பது நல்லது, முடிவு எல்லாவற்றையும் பேசப்போகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சண்டை குறுகியது என்ற குறையை நான் ஏற்கவில்லை. அந்தச் சண்டை அப்படித்தான் முடிந்திருக்க வேண்டும். ஆனால் இந்த எபிசோடில் உண்மையான குறை ஒன்று இருக்கிறது, அது தொடரின் கதாநாயகன் எஸ்ராவின் பயணத்தில் இருக்கிறது. சண்டையைப் பற்றியே எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்ததால் அதைப் பற்றிப் போதிய அளவு யாரும் கதைக்கவில்லை.

எதிர்பார்ப்பு ஏன் அவ்வளவு ஏறியது என்பதில் இருந்து தொடங்குவோம். 1999இல் வந்த படத்தில் மோல், ஓபி-வானின் குருவான குவை-கோன் ஜின்னைக் கொல்கிறான். அதே இடத்தில் ஓபி-வான் மோலை இடுப்போடு இரண்டாக வெட்டுகிறார். அந்தச் சண்டை அன்றைய ரசிகர்களுக்கு ஒரு அதிசயம். இரண்டு முனையிலும் எரியும் வாள், மூன்று பேர், பின்னணியில் ஜோன் வில்லியம்ஸின் சேர்ந்திசை. மோல் செத்தான் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ‘குளோன் வார்ஸ்’ தொடர் 2012இல் அவனை உயிரோடு கொண்டுவந்தது, இயந்திரக் கால்களோடும் சிதைந்த புத்தியோடும். 2013இல் வந்த ஒரு எபிசோடில் ஓபி-வான் நேசித்த சட்டீனை அவர் கண்முன்னாலேயே கொன்றான். அதே எபிசோடில் மோலின் பழைய குரு சிடியஸ் வந்து மோலின் தம்பியைக் கொன்று, மோலையும் அடித்துப் பணியவைத்தான். மறுகா 2016 மார்ச்சில் ‘ரெபல்ஸ்’ தொடரின் இரண்டாம் பருவக் கடைசியில் திரும்பி வந்து, கதாநாயகன் எஸ்ராவின் குரு கேனனின் கண்களைப் பறித்தான்.

ஆகவே 2017 மார்ச் 18ஆம் திகதி இந்த எபிசோட் ஒளிபரப்பானபோது, பதினெட்டு வருடக் கணக்கு தீரப்போகிறது என்று ரசிகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்னோட்டத்திலேயே ஓபி-வானைக் காட்டி ஆசையையும் கிளப்பிவிட்டிருந்தார்கள். வந்ததோ, ஒரு தீ மூட்டத்தின் பக்கத்தில் இரண்டு கிழடுகள் பேசிக்கொண்டு நின்று, மூன்று வீச்சில் முடிந்த ஒரு காட்சி. கோபப்பட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களுக்கு ஆசை காட்டிய விதத்தைப் பார்த்தால் அந்தக் கோபம் இயல்பானது.

இப்போது அந்தக் காட்சியை எடுத்துக்கொள்வோம். நீங்கள் பாண்டிருப்புக்காரர். திரௌபதை அம்மன் கோயில் சடங்கில் பதினெட்டு நாளும் பாரதக் கதையோடு வளர்ந்தவர். நம்முடைய வடமோடிக் கூத்தையும் பார்த்திருப்பீர்கள். வட்டக்களரியில் இரண்டு வீரர்கள் எதிரெதிரே வந்து நின்றதும் உடனே வெட்டிக்கொள்வார்களா? இல்லை. முதலில் தருக்கம் நடக்கும். நீ யார், உன் குலம் என்ன, நீ செய்த பாவம் என்ன என்று பாட்டுக்குப் பாட்டு மறுமொழி போகும். மத்தளம் ஏற ஏற ஆட்டமும் ஏறும். யார் வெல்லப்போகிறார் என்பது அந்தத் தருக்கத்திலேயே சபைக்கு விளங்கிவிடும். அம்பு பாய்வது ஒரு கணம்தான். விடிய விடிய ஆடும் கூத்தைப் பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் மேடைக்காகச் சுருக்கியபோதும், 1962இல் ‘கர்ணன் போர்’ போட்டபோதும், பாத்திரங்களின் வாக்குவாதத்தை வெட்டி எறிந்துவிட்டு அடிதடியை மட்டும் வைக்கவில்லை. ஆட்டத்துக்கு அர்த்தம் அந்த வாக்குவாதத்தில் இருந்துதான் வருகிறது.

‘ட்வின் சன்ஸ்’ சண்டையும் வாள் எரிவதற்கு முன்னமே தொடங்கிவிடுகிறது. மோல் வந்து ஓபி-வானைக் கேலி செய்கிறான். உன்னைக் கொல்ல வந்தேன், ஆனால் இந்த மணலில் இப்படியே கிடந்து அழுகவிடுவது அதைவிடப் பெரிய தண்டனையாக இருக்கும் போலிருக்கிறது என்கிறான். ஓபி-வான் கோபப்படவில்லை. உயிர் எடுப்பதும் அடக்கி ஆளுவதும்தான் நீ யார் என்பதைச் சொல்லும் என்றால் உன்னிடம் ஒன்றுமே இல்லை என்று பதில் சொல்கிறார். அப்படியென்றால் உன்னிடம் என்ன இருக்கிறது என்று மோல் திருப்பிக் கேட்கிறான். கேட்ட வேகத்திலேயே அவனுக்குப் பொறி தட்டுகிறது. இந்த மனிதன் இந்தப் பாலைவனத்தில் சும்மா ஒளிந்திருக்கவில்லை, எதையோ காக்கிறான், இல்லை, யாரையோ காக்கிறான்.

அந்த நொடியில்தான் ஓபி-வான் வாளை எரிக்கிறார். எத்தனை தரம் பார்த்தாலும் இந்த ஒழுங்கை நினைத்து நான் வியக்காமல் இருந்ததில்லை. குருவைக் கொன்றவன் எதிரே நிற்கிறான், நேசித்தவளைக் கொன்றவன் எதிரே நிற்கிறான், அதுவரைக்கும் அவர் கை வாளுக்குப் போகவில்லை. அவர் ஒளிந்திருந்து காவல் காக்கும் பெடியன் லூக்கின் இருப்பை மோல் மோப்பம் பிடித்த பிறகுதான் போகிறது. இனி இவனை உயிரோடு திரும்பப் போகவிட முடியாது. பழைய பகை அவரைச் சண்டைக்கு இழுத்திருந்தால் அது நீண்டிருக்கும், ஏனென்றால் பகையில் சண்டை போடுகிறவன் எதிரியின் வலியைப் பார்க்க விரும்புவான். இவருக்கு வேண்டியது அந்த வாசலை அடைப்பது ஒன்றுதான்.

மறுகா நிற்கும் நிலை. இதை அக்கரைப்பற்றைச் சேர்ந்த ஒரு நண்பரோடு இருந்து பார்த்தேன். சின்ன வயதில் சீனடி சிலம்படி பழகியவர், ஸ்டார் வார்ஸ் பற்றிப் பெரிதாகத் தெரியாது. அவர் வாளைப் பார்க்கவே இல்லை, காலையும் தோளையும்தான் பார்த்தார். “பெரியவர் நிலையை மாத்துறார், அவனை உள்ளுக்க கூப்பிடுறார்” என்று அடி விழுவதற்கு முன்னமே சொன்னார். அதுதான் நடந்தது.

ஓபி-வான் முதலில் தன்னுடைய இளமைக்கால நிலையில் நிற்கிறார். வாள் பின்னால் உயர்ந்திருக்கும், மற்றக் கையின் இரண்டு விரல்கள் முன்னால் நீண்டிருக்கும். பிறகு மெல்ல மாற்றி, இரண்டு கையாலும் வாளை முன்னால் பிடித்து நிமிர்த்துகிறார். அது அவருடைய குரு குவை-கோன் நிற்கும் நிலை. மோல் அதைப் பார்க்கிறான். 1999இல் அந்தக் குருவை எப்படிக் கொன்றானோ அதே உத்தி அவனுக்கு நினைவு வருகிறது: வாளின் பிடியால் முகத்தில் ஒரு இடி, எதிரி தடுமாறும்போது குத்து. அதையே இங்கேயும் செய்யப் பார்க்கிறான். ஓபி-வான் அதைத்தான் எதிர்பார்த்து நிற்கிறார். பிடி முகத்தை நோக்கி வரும்போது அதை இரண்டாக வெட்டி, அதே வீச்சில் மோலின் நெஞ்சையும் வெட்டிவிடுகிறார். எபிசோடை இயக்கிய டேவ் பிலோனி பிற்பாடு இதை விளக்கியும் இருக்கிறார். ஒருவர் அத்தனை வருடத்தில் வளர்ந்திருக்கிறார், மற்றவன் அந்தப் பழைய நாளிலேயே நின்றுவிட்டான். இதை நீண்ட சண்டையால் காட்ட முடியாது. ஐந்து நிமிடம் மோதியிருந்தால் இருவரும் சமம் என்றுதான் நம் கண்ணுக்குப் பட்டிருக்கும்.

ஜோர்ஜ் லூக்காஸ் முதல் படத்தை எடுத்தபோதே ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் படங்களிடம் நிறையக் கடன் வாங்கியவர். அந்த சாமுராய் மரபில் தேர்ந்த வீரர்கள் நீண்ட நேரம் அசையாமல் நின்று ஒரே வீச்சில் முடிப்பது பழைய வழக்கம். பிலோனி அந்த வேருக்குத்தான் திரும்பிப் போயிருக்கிறார்.

சண்டை இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் என்ன கெட்டுவிடும் என்று உங்கள் நண்பர் ஒருவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். மோல் ஆடிய நீண்ட சண்டைக்கு ஆசை என்றால் அது பிறகு கிடைத்தது. ‘குளோன் வார்ஸ்’ 2020இல் ஏழாம் பருவமாகத் திரும்பி வந்தபோது, மோலும் அந்தத் தொடரின் நாயகி அசோகாவும் மோதும் ஒரு பெரிய சண்டை வந்தது. 1999 படத்தில் மோலாக நடித்த ரே பார்க்கையே அழைத்து, அவருடைய உடல் அசைவுகளைப் பதிவு செய்து அதைச் செய்தார்கள். அற்புதமான சண்டை. அதில் மோல் பயத்தில் இருக்கிறான், என்ன வரப்போகிறது என்று தெரிந்தும் தடுக்க முடியாத பதற்றத்தில் இருக்கிறான், அதனால் அது நீண்டுகொண்டே போகிறது. அந்த மோல் வேறு, பாலைவனத்தில் கெனோபி, கெனோபி என்று தொண்டை கிழியக் கத்தித் திரியும் இந்த மோல் வேறு. கதைப்படி இரண்டுக்கும் இடையில் பதினேழு வருடம் ஓடிவிட்டது. 2017இல் பார்த்தவர்களுக்கு அந்தச் சண்டை கையில் இல்லை. இப்போது புதிதாகப் பார்ப்பவர்களுக்கு இருக்கிறது. அன்றைய கோபம் இன்று கொஞ்சம் அடங்கியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, எஸ்ரா.

இங்கேதான் ஏமாந்தவர்கள் பக்கம் நானும் போய் நிற்கிறேன். எபிசோட் மொத்தம் இருபத்திரண்டு நிமிடம் அளவில்தான். அதில் பெரும்பகுதி எஸ்ராவுக்குப் போகிறது. மோல் ஹோலோக்ரோன் என்ற பழைய அறிவுப் பெட்டகத்தின் துண்டுகளை வைத்து அவனைக் கூப்பிடுகிறான். எஸ்ராவின் கப்பல் தலைவி ஹேரா போகவேண்டாம் என்கிறாள், ஏனென்றால் எஸ்ராவின் சொந்தக் கிரகமான லோதல் மீதான தாக்குதல் நெருங்குகிறது. கேட்காமல் ஒரு சின்னப் போர் விமானத்தைக் கிளப்பிக்கொண்டு போகிறான், சொப்பர் என்ற ரோபோ உள்ளே ஒளிந்து வந்திருக்கிறது. ஓபி-வான் ஒளிந்திருக்கும் பாலைவனக் கிரகமான டாட்டூயினில் பாலைவனவாசிகள் தாக்குகிறார்கள், விமானம் வெடிக்கிறது, நடக்கிறான், சொப்பரின் சக்தி தீர்கிறது, மயங்கி விழுகிறான். இந்த நடையில் எஸ்ராவைப் பற்றி நமக்கு ஏற்கெனவே தெரியாத எதுவும் தெரியவரவில்லை. அவன் அவசரக்காரன், நல்லது செய்ய ஆசைப்பட்டுக் கெட்டவன் வலையில் விழுகிறவன். இரண்டு பருவம் இதைப் பார்த்துவிட்டோம்.

எஸ்ராவே இந்த எபிசோடில் வேண்டாம் என்பவர்களோடும் நான் சேரமாட்டேன். அவன் இல்லாமல் இந்தக் கதைக்குத் தொடரில் இடமே இல்லை. ஸித் கூட்டத்தை அழிக்க வழி என்ன என்று ஹோலோக்ரோன்களிடம் கேட்டவன் அவன்தான், இரட்டைச் சூரியன் உள்ள கிரகம் என்ற பதில் கிடைத்ததும் அதனால்தான். மோல் அவனை முதல் நாளில் இருந்தே தன் சீடன் என்று அழைத்துக்கொண்டிருந்தான். ஓபி-வான் அவனிடம் சொல்வதும் முக்கியமானது. நீ தேடி வந்த இடமே பிழை, நீ கேட்க விரும்பியதைத்தான் கேட்டாய், நல்லது செய்யவேண்டும் என்ற உன் ஆசையை வைத்தே மோல் உன்னை ஏமாற்றினான் என்கிறார். பெரிய பெயர்களின் நிழலில் நின்று தன் கடமையைத் தள்ளிப்போடும் ஒரு பெடியனுக்குச் சொல்லவேண்டிய வார்த்தைகள் இவை. பிறகு தன்னுடைய சவாரி மிருகத்தையே கொடுத்து அனுப்பிவைக்கிறார்.

என் குறை அளவைப் பற்றியது. விமானம் வெடிப்பதற்கும் பாலைவனவாசிகளோடு அடிபடுவதற்கும் போன நேரத்தில் பாதியை மோலுக்குக் கொடுத்திருக்கலாம். எபிசோட் தொடங்கும்போது மோல் தனியாக மணலில் அலைந்து, இப்படி அலைந்து அலைந்து நான் தொலைந்துவிட்டேன் என்று புலம்பும் காட்சி எவ்வளவு கனமாக இருக்கிறது! அது இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் இறுதிக் காட்சிக்கு இன்னும் ஆழம் கூடியிருக்கும். கேனனின் நிலைமை அதைவிட மோசம். தன் கண்களைப் பறித்தவனின் கதை முடிகிறது, அதில் அவருக்குப் பங்கே இல்லை. சட்டம் மீறிப் போன எஸ்ராவுக்கும் பெரிய விளைவு ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கிறான், அவ்வளவுதான். நான் பார்த்த கண்டனங்களில் இதுதான் பலமானது. பாராட்டுகிறவர்கள் பலர் இதைத் தொடாமலே கடந்துபோகிறார்கள்.

உங்கள் நண்பர்கள் அதிகம் சண்டை பிடித்தது வேறொன்றில் என்று எழுதியிருந்தீர்கள்: மோலின் கடைசிக் கேள்வி. சாகும் தறுவாயில், ஓபி-வானின் கைகளில் கிடந்துகொண்டு, நீ காப்பது தேர்ந்தெடுக்கப்பட்டவனையா என்று கேட்கிறான். ஆம் என்கிறார் ஓபி-வான். அப்படியென்றால் அவன் எங்களுக்காகப் பழிவாங்குவான் என்று சொல்லிவிட்டு மோல் உயிரை விடுகிறான். இதைக் கேட்டதும் ஒரு கூட்டம் கொதித்துவிட்டது. ஸித்தை ஒழித்துச் சமநிலை கொண்டுவரப்போவதாக முன்னறிவிக்கப்பட்டவன் லூக்கின் தகப்பன் அனகின்தான், லூக்காஸே அப்படிச் சொல்லியிருக்கிறார், இவர்கள் எப்படி மாற்றலாம் என்று.

மாற்றவில்லை. பாத்திரம் நம்புவதும் கதையின் உண்மையும் எப்போதும் ஒன்றாக இருக்கவேண்டும் என்றில்லை. 2005 படத்தின் முடிவில் எரிமலைக் கிரகத்தில் கால்கள் வெட்டுப்பட்டுக் கிடக்கும் அனகினைப் பார்த்து, நீதானே தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்று கதறியது இதே ஓபி-வான். அன்றே அந்த நம்பிக்கை அவருக்குச் செத்துவிட்டது. கைக்குழந்தையாக ஒப்படைக்கப்பட்ட லூக் ஒருவன்தான் அவரிடம் மிச்சம். பதினேழு வருடம் தூரத்தில் நின்று அந்தப் பிள்ளையைக் காவல் காத்த ஒருவர் வேறு என்ன நம்புவார்? அவர் நெஞ்சறிந்து பொய் சொல்லவில்லை. தான் நம்பியதைச் சொல்கிறார். 1983 படத்தில் சக்கரவர்த்தியாகிவிட்ட சிடியஸைத் தூக்கி எறிந்து முடித்தது அனகின்தான் என்று நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மோல் கேட்ட பழிவாங்கலை லூக் செய்யவே இல்லை. தகப்பனை வீழ்த்திய பிறகும் கொல்ல மறுத்து வாளைத் தூக்கி எறிந்துவிடுகிறான். அந்த மறுப்புத்தான் தகப்பனை மீட்கிறது, அந்தத் தகப்பன்தான் மோலைக் கெடுத்த சிடியஸை முடிக்கிறான். மோலின் கணக்கு தீர்ந்தது, ஆனால் மோல் நினைத்த வழியில் தீரவில்லை. ஓபி-வான் நினைத்த வழியிலும் தீரவில்லை, ஏனென்றால் அவரும் லூக் தன் தகப்பனை, அதாவது வேடராக மாறிவிட்ட அனகினை, கொல்லவேண்டியிருக்கும் என்றுதான் எண்ணியிருந்தார். மணலில் கிடந்த இருவரும் ஒரே நம்பிக்கையில் சேர்ந்தார்கள், இரண்டு பேருடைய கணிப்பும் பிழைத்தது, நல்லது அப்படியும் நடந்தது. எத்தனையோ படங்களையும் தொடர்களையும் இணைக்கும் ஒரு இடம் இது, மூன்று வரி உரையாடலில் வருகிறது. பிலோனியும் ஹென்றி கில்ரோயும் எழுதிய வசனங்களில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

மோலுக்காக அழலாமா என்றும் ஒரு கேள்வி எழுகிறது. இவ்வளவு கொலை செய்தவனை ஓபி-வான் தாங்கிப் பிடித்து, கண்களையும் மூடிவிடுவது மிகையாகப் படுகிறது என்று சிலர் எழுதினார்கள். நம்முடைய சபைகளில் கர்ணன் விழும்போது அவன் கௌரவர் பக்கம் நின்றவன் என்று சொல்லிக்கொண்டு யாராவது கண்ணைத் துடைக்காமல் இருப்பார்களா? மோல் கர்ணனைப் போல நல்லவன் இல்லை, கொடையாளியும் இல்லை. ஆனால் சின்ன வயதிலேயே சிடியஸின் கையில் விழுந்து, ஆயுதமாக வளர்க்கப்பட்டு, உடைந்ததும் தூக்கி வீசப்பட்டவன். தம்பியையும் அதே ஆளிடம் பறிகொடுத்தவன். பழிவாங்கப்பட வேண்டியவர்கள் வரிசையில் ஓபி-வானையும் தன்னையும் ஒன்றாக வைத்துக் கடைசி மூச்சில் பேசுகிறான் என்றால், தன் எதிரி யார் என்று கடைசியாக அவனுக்கு விளங்கியிருக்கிறது. அவனைத் தாங்கிப் பிடித்ததால் அவன் செய்த கொலைகள் எதுவும் குறைந்துவிடவில்லை, ஓபி-வான் அவனை மன்னித்தேன் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. சாகிறவன் தனியாகச் சாகவில்லை, அவ்வளவுதான் அவர் செய்தது.

என் அக்கா மட்டக்களப்பு நகரில் இருக்கிறார், இந்தக் கதைகளில் ஒன்றையும் பார்த்ததில்லை. நான் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யார் இவன், ஏன் இப்படிக் கத்துகிறான் என்று கேட்டார். இரண்டு வரியில் சொன்னேன். முடிவில் அவர் கண் கலங்கியது. முன்கதை தெரியாதவர்களுக்கு இந்த எபிசோட் விளங்காது என்ற குற்றச்சாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருவார். முன்கதை தெரிந்தால் இன்னும் நிறையக் கிடைக்கும், அது உண்மை. தெரியாவிட்டாலும் ஒரு கிழவன், ஒரு பகைவன், ஒரு ஒளித்துவைத்த பிள்ளை என்ற அளவில் கதை நிற்கிறது.

குரல்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மோலுக்கு சாம் விட்வர் கொடுத்த குரல் பற்றி இரண்டு கருத்து இருப்பதாகத் தெரியவில்லை. ஓபி-வானுக்கு ஸ்டீபன் ஸ்டன்டன் பேசியிருக்கிறார். 1977 படத்தில் அந்த வேடத்தில் நடித்த அலெக் கின்னஸின் குரலை அப்படியே பிடித்திருக்கிறார். ‘குளோன் வார்ஸ்’ தொடரில் பேசிய ஜேம்ஸ் ஆர்னல்ட் டெய்லரை எதிர்பார்த்தவர்களுக்கு முதலில் உறுத்தியது, ஆனால் வயது ஏறிய ஓபி-வானுக்கு இந்தக் குரல்தான் பொருந்துகிறது. கெவின் கைனரின் இசை பெரும்பாலும் ஒதுங்கியே நிற்கிறது. இருவரும் எதிரெதிரே நிற்கும்போது காற்றும் வாளின் ரீங்காரமும்தான் கேட்கிறது. பண்ணை வீட்டில் இருந்து லூக்கை அழைக்கும் குரல் கேட்டபிறகுதான் வில்லியம்ஸின் பழைய மெட்டு வருகிறது. மிக நல்ல அளவு.

இந்த எபிசோடின் மதிப்பைக் குறைக்கும் இன்னொரு வாதம் பிற்காலத்தில் வந்தது. 2022இல் ஓபி-வானை வைத்தே ஒரு தொடர் வந்து, அதில் அவர் டாட்டூயினை விட்டு வெளியே போய் வேடரோடு மோதுகிறார். அப்படியென்றால் இவர் பாலைவனத்தில் அமைதியாக இருந்து கனிந்தவர் என்ற கருத்து அடிபட்டுப்போகாதா என்று கேட்கிறார்கள். எனக்கு அது இடறவில்லை. அந்தத் தொடரில் அவர் குற்றவுணர்வோடு தொடங்கி, அதைக் கழற்றிவைத்துவிட்டுத் திரும்பி வருகிறார். ‘ட்வின் சன்ஸ்’ அதற்கும் ஏழு வருடம் பிந்திய கதை. மோல் எவ்வளவு குத்தினாலும் இவர் அசையாமல் இருப்பதற்கு அது இன்னும் ஒரு காரணத்தைத்தான் கொடுக்கிறது.

ஆகவே உங்கள் கூட்டத்தில் எபிசோடை உச்சம் என்றவர்களுக்கு நான் சொல்வது: எஸ்ராவின் பகுதியை நியாயப்படுத்தப் பாடுபடாதீர்கள், அது பலவீனமானது, ஒத்துக்கொண்டால் உங்கள் பக்கம் இன்னும் பலமாகும். ஏமாந்தவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். 1999 படத்தின் கடைசிச் சண்டையை முதலில் பாருங்கள், குவை-கோன் விழும் அந்த இடத்தை நன்றாகக் கவனித்து. பிறகு ‘குளோன் வார்ஸ்’ நாலாம் பருவத்தின் கடைசி இரண்டு எபிசோட்கள், ஐந்தாம் பருவத்தில் சட்டீன் இறக்கும் எபிசோட். ஏழாம் பருவத்தில் கடைசி நான்கையும் விடவேண்டாம். அதற்குப் பிறகு ‘ரெபல்ஸ்’ இரண்டாம் பருவ முடிவு, மூன்றாம் பருவத்தில் ஹோலோக்ரோன்கள் வரும் எபிசோடும் மோலின் மாயக்காட்சிகள் எஸ்ராவைத் துரத்தும் எபிசோடும். இவ்வளவையும் ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். பிறகு ‘ட்வின் சன்ஸ்’ஐத் திரும்பப் போடுங்கள், கைத்தொலைபேசியில் வேண்டாம், கொஞ்சம் பெரிய திரையில், ஏனென்றால் கால் நகர்வதும் பிடி மாறுவதும் சின்னத் திரையில் தெரியாது. மோல் “உன்னிடம் என்ன இருக்கிறது” என்று கேட்கும் இடத்தில் நிறுத்தி, ஓபி-வானின் முகத்தையும் கையையும் பார்த்துவிட்டு மேலே ஓடவிடுங்கள். அதற்குப் பிறகும் சண்டை குறுகியது என்று தோன்றினால் எழுதுங்கள், எந்த இடத்தில் என்ன சேர்த்திருக்கலாம் என்றும் சேர்த்து எழுதுங்கள். அதை வாசிக்க எனக்கு உண்மையிலேயே ஆசை.